மரக்கன்றைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், மழையைப் பின்தொடரச் சொல்லுங்கள்

கேள்வி: காரைக்குடி அருகே ஒரு கிராம ஊராட்சியில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். ஆண்டுதோறும் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று பேரணி, மரக்கன்று நடுதல் எல்லாம் உண்டு. அன்றைக்குக் கூட்டம் வருகிறது. அடுத்த வாரம் யாரையும் காணவில்லை. நட்ட கன்றுகளும் காய்ந்துவிட்டன. 15 முதல் 20 வயதுப் பிள்ளைகளை உண்மையாக ஈடுபடுத்த வழி என்ன?

பதில்: ஜூன் மாத வெயிலில் நம் செம்மண்ணில் நட்ட கன்று காயாமல் என்ன செய்யும்? நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. நாள்காட்டிக்காக நட்டால் நாள்காட்டியோடு போய்விடும். பேரணியைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒன்று நடத்தினேன். முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்த குளிர்பானப் பொட்டலங்கள் ஊர்க் குளமான ஊருணியின் கரையிலேயே கிடந்தன. அவற்றைப் பொறுக்க மறுநாள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் போனோம்.

நாம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுப் பிள்ளைகளைக் கை தட்டுவதற்கு மட்டும் கூப்பிடுகிறோம். அவர்கள் போய்க் கண்டுபிடிக்க ஒரு கேள்வி வேண்டும். உங்கள் ஊருக்கு நான் தரும் கேள்வி இது: நம் ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

செட்டிநாட்டில் இதைவிடச் சுவையான கேள்வி கிடையாது. ஓட்டுக் கூரைகள் உள்நோக்கிச் சரிந்து மழையை முற்றத்தில் கொட்டும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சியது வடிகாலில் இறங்கித் தெருவழியே ஊருணிக்குப் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே கணக்கில் கட்டிய ஊர்கள் இவை. அந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். பெரிய வீடு ஒன்றின் கூரை 10,000 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 930 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 46,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரி நான்கு நிறையக் கிட்டத்தட்ட வரும். அது எங்கே போனது என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது.

மழை அளக்கக் கருவி வாங்க வேண்டாம். தட்டையான அடியும் நேரான சுவரும் உள்ள எவர்சில்வர் டப்பாவை மறைப்பில்லாத இடத்தில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் ஸ்கேலால் ஆழம் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மழை பெய்து ஓய்ந்ததும் குடையோடு தெருவில் இறங்கி ஓடும் நீரின் பின்னே நடக்க வேண்டும். எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது? உயர்த்திப் போட்ட சிமென்ட் சாலையா, குப்பை அடைத்த குழாயா, வாய்க்காலை விழுங்கிய சுவரா? ஒரு தாளில் வரைந்து குறிக்கட்டும்.

பெரியவர்களிடம் போவதும் இந்தக் கட்டத்தில்தான். எந்த மடை எந்த வயலுக்கு, மிகை நீர் வெளியேறும் கலுங்கு எந்த ஆண்டு கடைசியாக வழிந்தது, எந்தக் கரையில் குளிக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்தது என்பதெல்லாம் ஏட்டில் கிடைக்காது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் காவலாளிகளையும் கேட்கச் சொல்லுங்கள்; அந்த வடிகால்களை அவர்களைவிடத் தெரிந்தவர் இல்லை.

ஒரு எச்சரிக்கை: ஆக்கிரமிப்பு கண்ணில் பட்டவுடன் யார் வீட்டு வாசலிலும் போய்ப் பிள்ளைகள் நிற்கக் கூடாது. ஒரே நாளில் ஊர் இரண்டாகிவிடும், உங்கள் மன்றமும் அதோடு சரி. வரைபடத்தைக் கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அக்டோபரில் தொடங்கினால் அதற்குள் ஒரு பருவமழைக் கணக்கு கையில் இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிட்ட 18 வயதுக்காரர் இருவர் எழுந்து பேசட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

அடுத்து, பாசன ஏரியான கண்மாய்க்குள் அரிவாளோடு இறங்கும் ஆசை. சீமைக் கருவேலை ஒழிக்கிறோம் என்று கிளம்பி நாட்டுக் கருவேலையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்த மாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ நீண்ட கதிர். காய் ஆடு விரும்பித் தின்னும் இனிப்பான நெற்று, ஆட்டுப் புழுக்கை வழியே ஊரெங்கும் முளைக்கிறது. மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும். வேரோடு எடுக்க வேண்டும். கண்மாய் மரங்கள் அரசுச் சொத்து, அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. கூடு இருக்கும் மரம் எந்த மரமானாலும் குஞ்சு பறக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

கூடு என்றதும் கொள்ளுக்குடிப்பட்டி நினைவுக்கு வருகிறது. திருப்பத்தூரைத் தாண்டி மதுரை சாலையில் இருக்கும் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். பறவைகள் மிரளும் என்று அங்கே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகளை டிசம்பர், ஜனவரியில் ஒரு காலை பஸ் ஏற்றி அங்கே கூட்டிச் செல்லுங்கள். பறவைகளைப் பார்த்தது போதும் என்று திரும்பிவிடாமல், அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேச விடுங்கள். தீபாவளியன்று தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வதை உங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். திரும்பி வந்ததும், பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊருணியையும் சேர்க்கலாம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணிக் கைப்பேசியில் பதிவது, அவ்வளவுதான். கைப்பேசியைக் கீழே வை என்று சொல்லிச் சொல்லி அலுத்த பெற்றோருக்கும் இது ஒரு சமாதானம்.

பெண் பிள்ளைகள் வருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் பெரும்பாலான மன்றங்களில் அதுதான் நிலை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள், அம்மாக்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், மழைக் கணக்கு நோட்டைப் பெண் பிள்ளை ஒருவர் கையில் கொடுங்கள்.

தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது என்ற விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கரையோரம் போகும் நாளில் நீச்சல் தெரிந்த பெரியவர் இருவரும் ஒரு நீளக் கயிறும் இருக்க வேண்டும்.

முதல் மழைக்கு ஆறு பேர் வந்தால் போதும். மரம் நடும் ஆசையும் விடவில்லை என்றால், அந்த ஆறு பேரும் வரைந்த வாய்க்கால் ஓரத்தில், மழை தொடங்கிய பிறகு ஆளுக்கு ஒரு கன்று நடட்டும். கோடையில் யார் எந்தக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது என்பதை நடுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.