பெண் மூலமும் எட்டாம் இடமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வேலூர், இராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஏறத்தாழ ஒரே வேதனையைச் சொல்லுகின்றன. பெண்ணின் ஜாதகத்தை நாம் படிக்கும் விதமும், பக்திக் கூட்டங்களில் அவளை நடத்தும் விதமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இந்த நான்குக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 28 வயது. செவிலியராக வேலை பார்க்கிறாள். மூல நட்சத்திரம். 3 ஆண்டுகளில் 7 வரன்கள் நட்சத்திரத்தைக் கேட்டதுமே விலகிவிட்டன. "மாமனார் இல்லாத வீடாகப் பாருங்கள்" என்று ஜோதிடர் சொல்லிவிட்டார். தரகரும் இப்போது அப்படிப்பட்ட வீடுகளையே கொண்டுவருகிறார். மகள் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். பெண் மூலம் நிர்மூலம் என்பது உண்மைதானா?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, ஜோதிடத்தைப் பழிக்கும் எண்ணத்தோடு நான் இதை எழுதவில்லை. வேலூர் சைதாப்பேட்டையில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவந்த என் தாத்தாவிடம்தான் நான் கட்டம் போடக் கற்றுக்கொண்டேன். அந்த உரிமையோடு சொல்லுகிறேன்: "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்பது வாய்வழியாக வந்த பழமொழி. அது நூல் விதியன்று.

நூலில் இருப்பது வேறு. திருமணப் பொருத்தம் பார்ப்போர் பலரும் மேற்கோள் காட்டும் முகூர்த்த சிந்தாமணி, 1600-ஆம் ஆண்டில் காசியில் இராம தைவக்ஞர் இயற்றியது. ஆயில்யத்தில் பிறந்தவர்கள் மாமியாருக்கும், மூலத்தில் பிறந்தவர்கள் மாமனாருக்கும் ஆகாதவர்கள் என்று அதன் விவாகப் பகுதி கூறுவது உண்மையே. ஆனால் அந்தச் சுலோகத்தில் உள்ள சொல் "கன்யாஸுதௌ" என்பதாகும். பெண், பிள்ளை ஆகிய இருவரையும் சேர்த்துக் குறிக்கும் இருமைச் சொல் அது. அதாவது, மூலத்தில் பிறந்த மாப்பிள்ளையும் பெண்ணைப் பெற்ற தகப்பனுக்கு ஆகாதவன் என்று அதே வரி சொல்லுகிறது. அதற்கடுத்த சுலோகம் இன்னும் ஒரு படி மேலே போய், மூலத்தின் நான்காம் பாதத்தையும் ஆயில்யத்தின் முதற்பாதத்தையும் நன்மை தருவன என்று விலக்கிவிடுகிறது. கொழுந்தனுக்கு ஆகாதது எனப்படும் விசாகத்திலும், முதல் மூன்று பாதங்களில் பிறந்த பெண் கொழுந்தனுக்கு இன்பம் தருபவள் என்றும் கூறுகிறது. உங்கள் மகள் எந்தப் பாதத்தில் பிறந்தவள் என்று அந்த 7 வீட்டாரில் ஒருவராவது கேட்டார்களா? மூல நட்சத்திரப் பையனின் ஜாதகத்தை வாங்கிப் பார்த்து, "பெண்ணின் அப்பா உயிரோடு இருக்கிறாரே, இந்த இடம் வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்த வீட்டை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

பெண்ணுக்கு ஆகாதவை என்று வழக்கத்தில் சொல்லும் மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம் ஆகிய நான்கையும் ஒதுக்கினால், 27 நட்சத்திரங்களில் 4 போய்விடுகின்றன. ஏறத்தாழ ஏழு பெண்களில் ஒருத்தியை, பிறந்த நாள் ஒன்றுக்காகவே குடும்பத்தைக் கெடுப்பவள் என்று தள்ளிவைக்கிறோம். நவராத்திரியில் சரசுவதியை ஆவாகனம் செய்வதும் இதே மூல நட்சத்திரத்தில்தான் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

என் அத்தையின் ஜாதகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய, பழுப்பேறிய கோடு போட்ட தாள். நட்சத்திரம் என்ற இடத்தில் முதலில் எழுதியதைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் பூராடம் என்று வேறு மையில் எழுதியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சுரண்டிய இடத்தில் மூலம் என்ற சொல்லின் தடம் தெரியும். அப்படி மறைத்துத்தான் திருமணம் நடந்தது. அவருடைய மாமனார் 73-ஆம் வயதில், 40 ஆண்டுகள் பீடி குடித்த நெஞ்சுச்சளியோடு இறந்தார். அத்தை மட்டும் தானே அவரைக் கொன்றுவிட்டதாக நம்பினார். ஒவ்வோர் ஆண்டும் அவருடைய திதியன்று, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும், ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் படுத்துக்கொள்வார். ஏன் என்று கணவரிடம் கூட அவர் சொன்னதில்லை. அத்தை இறந்த பிறகு, தாத்தாவின் பெட்டியில் இந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே விளங்கியது.

ஆகவே ஜாதகத்தைத் திருத்த வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மாமனார் இல்லாத வீடுகளைக் கொண்டுவர வேண்டாம் என்று தரகரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அதையும் மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். அவள் உங்களோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் கோபமாக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். பெற்ற தாயும் இதை நம்புகிறாளோ என்ற அச்சம் அவளுக்கு இருக்கலாம்.

கேள்வி: என் தங்கைக்கு லக்கினத்திலிருந்து பார்த்தால் செவ்வாய் தோஷம் இல்லை, சந்திரனிலிருந்து பார்த்தால் இருக்கிறது என்கிறார்கள். தோஷத்தைப் பொறுத்துக்கொள்வதற்காக மாப்பிள்ளை வீட்டார் 10 சவரன் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஓர் அண்ணன், இராணிப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் நின்றால் தோஷம் என்பது நம் பக்கத்துக் கணக்கு. 12 கட்டங்களில் 5 கட்டங்கள் இதிலேயே வந்துவிடுகின்றன. லக்கினம், சந்திரன் ஆகிய இரண்டில் எதிலிருந்து வந்தாலும் தோஷமே என்று வைத்தால், உலகில் பிறப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தோஷ ஜாதகர்களாகிவிடுவார்கள். மேஷம், விருச்சிகம், மகரம் ஆகிய இராசிகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் இல்லை என்பது போன்ற விலக்குகள் இவ்வளவு பெருகியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆண் ஜாதகத்திலும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளையின் கட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தோஷத்துக்கு ஈடாகச் சவரன் என்பது எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அது வரதட்சணை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, கேட்பதே தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. மன ஆறுதலுக்காக ஒரு சத்சங்கத்தில் சேர்ந்து, மூன்று ஆண்டுகளாக அங்கே சமையல் சேவை செய்கிறேன். அந்தக் குருஜி என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "உன் எட்டாம் இடம்தான் உன் கணவரை அரிக்கிறது" என்றார். பரிகாரமாகச் செய்யும் பூஜைக்குத் தனியாக இரவில் வரச் சொல்லுகிறார். சென்ற முறை ஆசீர்வதிப்பதாகச் சொல்லித் தோளில் வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. மூத்த பெண்மணி ஒருவரிடம் சொன்னேன். "குருவைச் சந்தேகிப்பது பாவம்" என்றார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: சகோதரி, போகாதீர்கள். இரவிலும் வேண்டாம், பகலில் தனியாகவும் வேண்டாம். மற்றவற்றை இதற்குப் பிறகு பேசுவோம்.

பெண் ஜாதகத்தின் எட்டாம் இடத்தை மாங்கல்ய ஸ்தானம் என்று சொல்லுவதற்கு நூல் ஆதாரம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர், பிருகத் ஜாதகத்தின் ஸ்திரீ ஜாதக அத்தியாயத்தில் கணவனின் மரணத்தை அந்த இடத்தைக் கொண்டு கூறச் சொல்லுகிறார். அதே சுலோகத்தில் இன்னொரு விதியும் உண்டு: ஆணுக்குச் சொன்ன பலன்களில் பெண்ணுக்குப் பொருந்துவனவற்றை அவளுக்கும், மற்றவற்றை அவள் கணவனுக்கும் சொல்ல வேண்டும் என்பது. பெண்கள் அரசாளாத, பொருளீட்டப் போகாத காலத்துச் சமூகத்தை வைத்து எழுதிய விதி அது. அவள் கட்டத்தில் ராஜயோகம் இருந்தால் அதன் பலன் கணவன் கணக்கில் போய்விடும். கணவனின் சாவு மட்டும் அவள் கணக்கில் நின்றுகொள்ளும். உங்களை இன்று வருத்துவது இந்தப் பழைய கணக்குத்தான்.

ஆனால் அந்தக் கணக்கின்படி பார்த்தாலும் உங்கள் குருஜி சொன்னது தவறு. ஒருவரின் ஆயுளை அவருடைய சொந்த ஜாதகத்தின் எட்டாம் இடத்தையும் ஆயுர்தாயம் என்னும் ஆயுள் கணக்கையும் கொண்டு கணிப்பதே முதல் விதி. உங்கள் கணவருடைய ஜாதகத்தை அவர் கேட்டதாகக் கூட நீங்கள் எழுதவில்லை. மனைவிக்குக் கேடு தரும் ஆண் ஜாதகங்களைப் பற்றியும் வராகமிகிரர் விரிவாக எழுதியிருக்கிறார். மனைவியை இழந்த எந்த ஆணையாவது அழைத்து, "உன் ஏழாம் இடம்தான் அவளை அரித்தது" என்று அந்தச் சத்சங்கத்தில் சொன்னதுண்டா?

அதே வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் பெண்களின் பெருமையைக் கூற ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறார். வைராக்கியத்தின் பெயரால் பெண்களின் குணங்களை விட்டுவிட்டுக் குற்றங்களையே பேசுகிறவர்கள் தீயவர்கள் என்பதே தம் எண்ணம் என்கிறார். "பெண்களிடம் இருக்கும் குற்றங்களில் ஆண்கள் செய்யாதது எது? உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். மாங்கல்ய ஸ்தானத்தை எழுதிய கைதான் இதையும் எழுதியது. முன்னதை மனப்பாடமாக ஒப்பிக்கும் பலர் பின்னதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

இனி, செய்ய வேண்டியவை. அந்தக் கை தோளில் கிடந்த நாள், நேரம், அங்கே யார் இருந்தார்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டின் சட்டம் அலுவலகங்களுக்கு மட்டும் உரியதென்று பலரும் நினைக்கிறார்கள். அறக்கட்டளைகளும் சங்கங்களும் அதற்குள் வரும். ஊதியம் பெறாமல் தொண்டு செய்பவரையும் அது பணியாளராகவே கொள்ளுகிறது. ஆகவே சமையல் சேவை செய்யும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்க வழியுண்டு. உள்ளே புகார்க் குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை ஏற்பார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பாவம் என்று சொன்ன அந்த மூத்த பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் மீது எனக்குக் கோபமில்லை. இப்படிப்பட்ட பல இடங்களிலும் அடுப்படி, கோலம், விளக்கு, அன்னதானம் எல்லாம் பெண்கள் கையில் இருக்கின்றன; கணக்கும் மேடையும் ஆண்கள் கையில் இருக்கின்றன. பல ஆண்டுகள் அங்கே உழைத்த ஒருவர், உங்கள் பேச்சை நம்பினால் தம்முடைய உழைப்பும் வீணாகிப்போகுமே என்று அஞ்சியிருக்கலாம். இன்னொரு முறை அவரிடம் பேசிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அதே விடை வந்தால், அந்தச் சேவையை விட்டுவிடுவதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை. உங்கள் கணவருக்காக டயாலிசிஸ் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதை விடப் பெரிய சேவை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் தெருக் கோயிலில் ஆடி வெள்ளி விளக்குப் பூஜை. "சுமங்கலிகள் மட்டும்" என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அப்பா இறந்தது முதல் அம்மா போவதில்லை. கேட்பது முறையா?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: முறைதான், மகளே. உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது இலட்சக்கணக்கானோர் தெருவில் நிற்கிறார்களே, அந்தச் சிரசு யாருடையது? சமதக்கினியின் ஆணையால், பெற்ற மகன் பரசுராமன் கையால் வெட்டுண்ட இரேணுகையின் தலை அது. பின்னாளில் கணவன் கொல்லப்பட்டபோது மார்பில் அறைந்துகொண்டு அழுதவளும் அவளே. படைவீட்டிலும் குடியாத்தத்திலும் நம் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டு வணங்கும் அம்மன், கணவனை இழந்த ஒருத்தி.

கோயில் குழுவினரிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். நோட்டீஸில் அந்த ஒரு வரியை மாற்றி "பெண்கள் அனைவரும்" என்று போடச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன், அம்மாவுக்கு வர விருப்பமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விருப்பமென்றால், பரணில் கிடக்கும் அவருடைய விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளிருக்கிறது.