சி மொழி கேள்வி-பதில்: முதல் பிழையை முதலில் படியுங்கள்

இம்முறை முப்பதுக்கு மேல் கடிதங்கள். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். "என் நிரல் ஓடவில்லை, ஏன்?" என்று ஒற்றை வரி எழுதியவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. நிரல், கம்பைலர் காட்டிய செய்தி, நீங்கள் கொடுத்த உள்ளீடு ஆகிய மூன்றும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று பல முறை சொல்லிவிட்டேன்.

முப்பது வரிதான் எழுதினேன். இருபதுக்கு மேல் பிழைகள் வருகின்றன. எதிலிருந்து தொடங்குவது? (முதலாண்டு மாணவி, சேலம்)

முதல் பிழையிலிருந்து. அதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். உங்கள் பன்னிரண்டாவது வரியில் மூடும் அடைப்புக்குறி ஒன்று கூடுதலாக இருக்கிறது. மெயின் அத்தோடு முடிந்துவிட்டதாகக் கம்பைலர் எடுத்துக்கொண்டது. அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியும் எந்தச் செயற்கூற்றுக்கும் (ஃபங்ஷனுக்கும்) சொந்தமில்லாமல் வெளியே நிற்கிறது. வரிக்கு ஒன்றிரண்டு பிழை. அந்த ஒரு குறியை எடுத்தால் எல்லாம் போய்விடும். நீங்கள் கடைசிப் பிழையிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் வீணானது அதனால்தான்.

அரைப்புள்ளி விடுபட்டாலும் இதே கதைதான். அது இல்லை என்பது அடுத்த சொல்லைப் பார்க்கும்போதுதான் கம்பைலருக்குத் தெரியவரும். காட்டிய வரியில் தவறு இல்லையென்றால் ஒரு வரி மேலே பாருங்கள்.

ஆசிரியர் வேர்டு கோப்பில் தந்த நிரலை அப்படியே ஒட்டினேன். "ஸ்ட்ரே 342" என்று பிழை. நிரலில் 342 என்ற எண்ணே இல்லை. (பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

வேர்டு உங்கள் நேரான மேற்கோள்குறிகளை வளைத்துவிட்டது. வளைந்த திறப்புக்குறி யூனிகோடில் மூன்று பைட் எடுக்கும். எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் அவை 342, 200, 234. கம்பைலர் முதல் பைட்டிலேயே மிரண்டு நிற்கிறது. மேற்கோள்குறிகளை அழித்துவிட்டு எடிட்டரில் நீங்களே தட்டுங்கள். முழு நிரலையும் நீங்களே தட்டினால் இன்னும் நல்லது.

மேத் ஹெடரைச் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் வர்க்கமூலத்துக்கு "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வருகிறது. 16 என்று எண்ணையே கொடுத்தால் ஓடுகிறது, மாறியைக் கொடுத்தால் ஓடவில்லை. உபுண்டு, ஜிசிசி கம்பைலர். (வாசகர், யாழ்ப்பாணம்)

கேள்வி இப்படித்தான் இருக்க வேண்டும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

ஹெடர் கோப்பு ஓர் அறிவிப்பு மட்டுமே. இப்படி ஒரு செயற்கூறு உண்டு, இன்ன வகை எண்ணை வாங்கி இன்ன வகை எண்ணைத் தரும் என்று அது கம்பைலருக்குச் சொல்கிறது. அதன் உடல் வேறொரு நூலகக் கோப்பில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து இணைப்பது லிங்கரின் வேலை. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று சொல்வது லிங்கர்தான். கம்பைலர் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. கட்டளையின் கடைசியில், கோப்புப் பெயருக்குப் பிறகு, கணித நூலகத்தைச் சுட்டும் -எல்எம் (-lm) சேர்த்துவிடுங்கள். முன்னால் போட்டால் பல சமயம் பயன் இருக்காது, ஏனெனில் லிங்கர் இடமிருந்து வலமாகத் தேடிக்கொண்டே போகும்.

16 ஓடியதற்குக் காரணம், அந்த விடை 4 என்பதைக் கம்பைலரே கணக்கிட்டு நிரலில் எழுதிவிட்டது. நூலகத்தைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை.

வயதை வாங்கிய பிறகு, ஆண் பெண் என்பதற்கு ஓர் எழுத்து கேட்கிறேன். கேட்காமலேயே தாண்டிப் போகிறது. (பொறியியல் மாணவி, மதுரை)

இந்தக் கடிதம் மட்டும் ஐந்து வந்திருக்கிறது. நீங்கள் 2, 5, என்டர் என்று மூன்று விசைகளைத் தட்டுகிறீர்கள். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில் உள்ள %டி (%d), 2-ஐயும் 5-ஐயும் எடுத்துக்கொண்டு என்டரைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அது உள்ளீட்டு வரிசையில் அங்கேயே நிற்கிறது. அடுத்து வரும் %சி (%c) ஓர் எழுத்துக்குக் காத்திருக்கிறது. என்டரும் அதற்கு ஓர் எழுத்துதான். எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேற்கோளுக்குள் %சி-க்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள். இடைவெளி, என்டர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடுத்த உண்மையான எழுத்துக்குக் காத்திருக்கும். உள்ளீட்டைத் துடைக்க எஃப்ஃப்ளஷ் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வெளியீட்டுக்கான கருவி. உள்ளீட்டில் அது என்ன செய்யும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தரவில்லை.

ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றினால் எதைக் கொடுத்தாலும் 0. (திருச்சி)

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் வரும். 5/9 என்பது 0. 5.0/9 என்று எழுதுங்கள்.

எக்ஸ்இ கோப்பை இருமுறை கிளிக் செய்தால் கறுப்புச் சாளரம் மின்னி மறைகிறது. (கோவை)

நிரல் ஓடி முடிந்துவிட்டது, அதனால் சாளரம் மூடிக்கொண்டது. டெர்மினலைத் திறந்து அதிலிருந்து ஓட்டுங்கள்.

ஐ = 5 என்றால் ++ஐ + ++ஐ எவ்வளவு? புத்தகத்தில் 13 என்று இருக்கிறது. எனக்கு 14 வருகிறது. நண்பனுக்கு 13 வருகிறது. வளாக நேர்காணலுக்கு எதைப் படிப்பது? (இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி)

உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் இதைக் கேட்பவர்கள் மீது.

உங்களிடம் இருப்பது ஜிசிசி, நண்பரிடம் இருப்பது கிளாங். சரிதானே? ஜிசிசி இரண்டு கூட்டல்களையும் முதலில் செய்து ஐ-யை 7 ஆக்கிவிட்டு, 7-ஐயும் 7-ஐயும் கூட்டி 14 தருகிறது. கிளாங் முதல் பகுதிக்கு 6, இரண்டாம் பகுதிக்கு 7 என்று எடுத்து 13 தருகிறது. இரண்டு கம்பைலர்களிலும் குறை இல்லை. ஒரே கோவைக்குள் ஒரே மாறியை, இடையில் வரிசை எதுவும் வகுக்காமல், இரண்டு முறை மாற்றினால் விளைவு வரையறுக்கப்படாதது என்று 1989-இல் வந்த முதல் தரநிலையிலிருந்தே இருக்கிறது. அதாவது இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. 13 என்று எழுதினால் தவறு, 14 என்று எழுதினாலும் தவறு. ஜாவாவில் இடமிருந்து வலம் என்று விதி இருப்பதால் அங்கே 13 சரி. அந்த விடையை சி மொழிக்குத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வின் வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். வாய்மொழித் தேர்வில் உடனிருந்த ஆசிரியர் ஒரு மாணவியிடம் இதைத்தான் கேட்டார். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு, "சார், இதற்கு இதுதான் விடை என்று சொல்ல முடியாது, கம்பைலரைப் பொறுத்தது" என்றார். ஆசிரியர் தாளில் பூஜ்யம் போட்டார். அன்று ஆய்வகம் முழுவதிலும் சரியான பதிலைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் எடுத்துச் சொன்ன பிறகு மதிப்பெண் திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. நான் இல்லாத ஆய்வகங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பூஜ்யம் அப்படியே நின்றிருக்கும்?

மாணவர்களின் நேரத்தை எடுத்துக்கொண்டு, இல்லாத விடையை மனப்பாடம் செய்ய வைப்பது கல்வி ஆகாது. ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வினாத்தாளில் போடும் ஒவ்வொரு துண்டையும், எச்சரிக்கைகளை இயக்கி ஒரு முறையாவது கம்பைல் செய்து பாருங்கள். கம்பைல் கட்டளையில் டபிள்யூ-ஆல் (-Wall) கொடியைப் போட்டால் ஐ மீதான செயல் வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று ஜிசிசி தானே சொல்லிவிடும்.

நேர்காணலில் கேட்டால், "வரையறுக்கப்படாதது, ஜிசிசியில் 14, கிளாங்கில் 13 வருகிறது" என்று சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் அதுவே உங்களுக்கு மதிப்பு.

8-இன் ஃபேக்டோரியல் கல்லூரி ஆய்வகத்தில் -25216. வீட்டில் 40320. ஒரே நிரல்தான். (கடலூர்)

ஆய்வகத்தில் டர்போ சி, இல்லையா? 1987-இல் டாஸ் இயங்குதளத்துக்காக வந்தது அது. அதில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், உச்சம் 32767. அதைத் தாண்டியதும் எண்ணின் தலைப் பிட் குறியாக மாறி, 40320-இலிருந்து 65536 கழிந்து நிற்கிறது. வீட்டில் 32 பிட், ஏறக்குறைய 214 கோடி வரை தாங்கும். அங்கும் 12-க்கு மேல் போகாது. லாங் லாங் போட்டால் 20 வரை வரும். கோனியோ ஹெடர், கிளியர் ஸ்கிரீன், வாய்ட் மெயின் எல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம். தேர்வு முடிந்ததும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் நன்றாக ஓடும் நிரல் ஆய்வகத்தில் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று விழுகிறது. கணினி கோளாறா? (தஞ்சாவூர்)

கணினியில் கோளாறு இல்லை. நீங்கள் கைபேசியில் எடுத்து அனுப்பிய திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இனி நிரலை எழுத்தாக அனுப்புங்கள், கைபேசியில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பத்து மதிப்பெண்களுக்கு அணி (அர்ரே) அறிவித்துவிட்டு, லூப்பை 0-இலிருந்து "10-க்குச் சமம் வரை" ஓட்டியிருக்கிறீர்கள். அது பதினொன்று. பதினொன்றாவது எண் அணிக்கு வெளியே, வேறு யாருடைய இடத்திலோ போய் விழுகிறது. வீட்டில் அந்த இடத்தில் முக்கியமாக எதுவும் இல்லை, தப்பித்தீர்கள். ஆய்வகத்தில் இருந்திருக்கிறது. சி மொழி எல்லையைச் சோதிக்காது. அது உங்கள் பொறுப்பு.

ஜிசிசியிலும் கிளாங்கிலும் எஃப்சானிடைஸ்=அட்ரஸ் (-fsanitize=address) என்ற கொடி உண்டு. ஜி (-g) கொடியோடு அதையும் சேர்த்து கம்பைல் செய்தால், ஓடும்போது எந்த வரியில் எல்லை மீறியது என்று காட்டிவிடும். கற்கும் காலம் முழுவதும் அதைப் போட்டே ஓட்டுங்கள். நிரல் மெதுவாகும், பரவாயில்லை. டபிள்யூ-ஆலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை இன்று இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்.

இடைவெளியுடன் பெயர் வாங்க கெட்ஸ் பயன்படுத்தினால் கம்பைலர் திட்டுகிறது. பாடப் புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. (வேலூர்)

கம்பைலர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அணியில் எத்தனை இடம் இருக்கிறது என்று கெட்ஸுக்குத் தெரியாது. என்டர் வரும் வரை கொட்டிக்கொண்டே இருக்கும். 1988-இல் இணையத்தை முடக்கிய, தானாகவே பரவும் நிரலான மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் தரும் ஃபிங்கர் சேவையில் இருந்த ஒரு கெட்ஸ். 2011 தரநிலையில் அதை மொழியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். அது கடைசி என்டரையும் சேர்த்தே தரும், அதை நீங்கள் வெட்டிக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லை == போட்டு ஒப்பிட்டால் சரியாகத் தட்டினாலும் தவறு என்கிறது. (காரைக்குடி)

நீங்கள் ஒப்பிடுவது இரண்டு முகவரிகளை. எழுத்துகளை ஒப்பிட ஸ்டிரிங் கம்பேர். சமம் என்றால் அது 0 தரும், மறந்துவிடாதீர்கள்.

"தமிழ்" என்ற சொல்லின் நீளம் 15 என்கிறது ஸ்டிரிங் லென்த். மூன்று எழுத்துதானே? (தமிழாசிரியை, கும்பகோணம்)

அம்மா, பணியில் இருந்துகொண்டே சி கற்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி.

ஸ்டிரிங் லென்த் எண்ணுவது பைட்டுகளை. யூனிகோடில் "தமிழ்" என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. 15-ஐ 5 ஆக்குவது எளிது: பைட்டின் முதல் இரண்டு பிட்டுகள் 10 என்று இருந்தால் அது தொடர்ச்சி, அவற்றைத் தள்ளிவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள். 5-ஐ 3 ஆக்க, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அவற்றுக்கு முன்னுள்ள மெய்யோடு சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும். அந்தக் குறிகளின் பட்டியல் சிறியது, நீங்களே ஒரு செயற்கூறாக எழுதிவிடலாம். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனி விதி வேண்டியிருக்கும். எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.