டெசிபல் ஒன்றுதான், எரிச்சல் மட்டும் ஏன் கூடுகிறது?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். மூடுபனியில் கார் கண்ணாடி மங்காமல் இருக்க ப்ளோயரை, அதாவது காற்று ஊதும் ஃபேனை, மூன்றில் வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஒரு மாதமாக அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை. டெசிபல் ஆப்பில், நண்பரின் அதே மாடல் காரில் காட்டும் அளவுதான் காட்டுகிறது. மெக்கானிக்கும் நார்மல் என்கிறார். எனக்குத்தான் பிரமையா?

பிரமை இல்லவே இல்லை. சத்தம் எவ்வளவு என்பதைத்தான் டெசிபல் சொல்லும், எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாது. சில்வர் ஓக் மரங்களில் காற்று உஸ்ஸென்று அடித்தால் நிம்மதியாகத் தூங்குவோம். அதே காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடித்தால் எழுந்துபோய் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

ப்ளோயரிலும் இதே கதைதான். அதன் சக்கரத்தில் 40 இதழ்கள், நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு 40 இதழ் வீதம் நொடிக்கு 2000 அதிர்வு, அதாவது 2000 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ஊளை. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரம்பு தொடங்குவதே அங்கேதான். இதழ்களுக்கிடையே ஒரு சருகு சிக்கினால் சுற்றுக்கு ஒருமுறை, நொடிக்கு 50 தடவை, சத்தம் ஏறி இறங்கும். சராசரி அளவு அநேகமாக மாறாது, ஆனால் காது அதைக் கரகரப்பாக உணரும். மலையேறும்போது இரண்டாம் கியரின் இரைச்சல் இதை மூடிவிடும். உங்கள் ஊர் டானிங்டனில் வண்டி நின்றதும் தனியாகக் கேட்கும்.

உங்களுக்கும் சருகுதான் என்பது என் ஊகம். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். குன்னூர் வண்டி ஒன்றில் விரல் நீள இலை இரண்டாக மடிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இல்லாத மாடல் என்றால் இலை நேராக ஃபேனுக்கே போய்விடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ப்ளோயரை ஒன்றிலிருந்து நான்கு வரை ஏற்றுங்கள். கரகரப்பும் கூடவே ஏறினால் கோளாறு ப்ளோயரில்தான். உள்காற்றுச் சுழற்சி பட்டன் ஆனில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருக்கும்போது ப்ளோயரின் வாய் கேபினுக்குள்ளேயே திறந்திருப்பதால் சத்தம் நேரே உள்ளே வரும், கண்ணாடியும் இன்னும் மங்கும். அப்புறம் வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டர் இருந்து அது அடைத்திருந்தால் மாற்றுங்கள். இரண்டில் வைத்தாலே போதுமான காற்று வரும், ஊளையும் தணியும்.

மெக்கானிக்கிடம் "சத்தம் அதிகம்" என்று சொல்லாதீர்கள். "மூன்றில் வைத்தால் கரகரக்கிறது, ப்ளோயரைக் கழற்றிப் பாருங்கள்" என்று கேளுங்கள். சருகு இல்லையென்றால் மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.