வெல்ஷ், கார்னிஷ் மொழிகளில் தேனீ

கேள்வி: வெல்ஷ் மொழியிலும் கார்னிஷ் மொழியிலும் தேனீயைக் குறிக்கும் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே என்கிறார்கள். ஆனால் அகராதிகளில் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு வடிவங்கள் காணப்படுகின்றனவே, ஏன்?

பதில்: வேல்ஸில் பேசப்படும் வெல்ஷும், கார்ன்வாலுக்குரிய கார்னிஷும், பிரான்ஸின் வடமேற்கில் வழங்கும் பிரெத்தோனும் கெல்ட்டிய மொழிக்குடும்பத்தின் ஒரே கிளையைச் சேர்ந்தவை, ஆகவே வெல்ஷின் 'க்வெனின்', கார்னிஷின் 'க்வெனென்', பிரெத்தோனின் 'க்வெனான்' ஆகியவை உடன்பிறந்த சொற்கள். மற்றொரு கிளையான ஐரிஷ் இதற்குத் தொடர்பில்லாத வேறொரு சொல்லைக் கொண்டிருக்கிறது. அது ஆங்கிலத்தின் 'பீ' என்னும் சொல்லுக்கு உறவு.

இரண்டு வடிவங்களுக்குக் காரணம் இலக்கணம். நாம் ஒருமையை அடிப்படையாகக் கொண்டு 'கள்' சேர்த்துப் பன்மையாக்குகிறோம். இம்மொழிகளிலோ, கூட்டமாகவே காணப்படும் பல உயிர்களுக்குத் தொகுதிப்பெயரே அடிப்படை. 'நெல்' என்பதிலிருந்து ஒன்றைப் பிரித்து 'நெல்மணி' என்பதுபோல, அதனுடன் 'என்' என்னும் விகுதி சேர்ந்தால்தான் ஒற்றைத் தேனீ கிடைக்கும். வெல்ஷில் அது 'க்வெனனென்'; கார்னிஷில் 'க்வெனெனென்'. தேனீப்பெட்டியைக் குறிக்கும் வெல்ஷ் தொடரிலும், படகுக்குரிய சொல்லோடு தொகுதிப்பெயரான 'க்வெனின்' என்பதே சேர்ந்து வருகிறது. பெட்டியில் இருப்பது ஒரு தேனீ அல்லவே!

ஒருமை வடிவம் பெண்பால். அதனால் 'அந்த' என்ற பொருள்தரும் சுட்டுச்சொல்லுக்குப் பின் முதலெழுத்து மறைந்து, வெல்ஷில் 'வெனனென்' என்றும் கார்னிஷில் 'வெனெனென்' என்றும் மாறும். அகராதியில் இச்சொல்லைத் தேடுபவர் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்தில்தான். தேனைக் குறிக்க இரு மொழிகளும் 'மேல்' என்கின்றன. தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்துக்குரிய வெல்ஷ் சொல்லான 'மெத்', வடமொழியின் 'மது'வோடு ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது.

கேள்வி: வெல்ஷ் வரலாற்றில் 'தேனீ' என்று பெயர் சூட்டிக்கொண்ட பெண்மணி யார்?

பதில்: லானோவர் சீமாட்டி எனப்படும் அகஸ்டா ஹால் (1802–1896). வெல்ஷ் மொழிக்கும் மரபுவழி உடைக்கும் ஆதரவு திரட்டிய இவர், 1834-இல் கார்டிஃபில் நடந்த கலை இலக்கியப் போட்டிவிழாவில் அவை குறித்த கட்டுரைக்காகப் பரிசு பெற்றார். அவருடைய புனைபெயர் 'க்வெனனென் க்வென்ட்', அதாவது தென்கிழக்கு வேல்ஸின் க்வென்ட் வட்டாரத்துத் தேனீ. தம்மைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்டது, இயல்பாகவே, ஒருமை வடிவம்.