கம்பெனி சர்வரை மொத்தமாகக் கிளவுடுக்கு (நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வருக்கு) மாற்றச் சொல்கிறார் ஓனர். எப்படித் திட்டமிடுவது?

"செலவு பாதியாகும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிச்சிடலாம்" என்று யாரோ உங்கள் ஓனரிடம் சொல்லியிருக்கிறார், சரிதானே? எங்கள் ஓனரிடமும் சொன்னார்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவன் நான்.

ஓனர் முகூர்த்தமே குறித்துவிட்டார். நான் அவகாசம் கேட்டு, ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்தேன். எந்த புரோகிராம், எந்த நேரத்தில் கூட்டம், ஃபைலை எங்கே சேமிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். "இதெல்லாம் வெட்டி வேலை" என்றார் கொட்டேஷன் கொடுத்தவர். சர்வரில் பாதி இடம் பல வருஷத்து சாம்பிள் போட்டோ என்பது அந்த நோட்டில்தான் தெரிந்தது. விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு லைனில் 1 டிபி (ஆயிரம் ஜிபி) ஏற நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் லைன் இடையில் போகாமல் இருந்தால். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அங்கேயே அடிபட்டது. போட்டோக்களை ஹார்டு டிஸ்கில் எடுத்து பீரோவில் வைத்தோம்.

பேக்கிங் செக்ஷனின் பார்கோடு பிரிண்டரையும் பேட்டர்ன் போடும் மெஷினையும் ஆபீஸிலேயே விட்டேன். நெட் போனாலும் கன்டெய்னர் கிளம்பியாக வேண்டும். "அப்ப அரைகுறை மாற்றம்தானே" என்பவர்கள் ஷிப்மென்ட் நாளில் ஒருமுறை இங்கே வந்து நின்று பார்க்கட்டும்.

முதலில் மெயிலும் பேக்கப்பும் போகட்டும், கணக்கு எழுதும் டேலி கடைசியில். அதிலும் டேட்டாவை மட்டும் கிளவுடில் வைத்து புரோகிராமை ஆபீஸில் ஓட்டினால் நத்தை வேகம்தான். இரண்டையும் அங்கேயே போட்டு, அந்த மெஷினை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையுங்கள், ஆனால் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரன் நேராக உள்ளே வருவான். மாதா மாதம் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 20-ம் தேதி தாண்டும்வரை டேலியில் கை வைக்காதீர்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், 2022-ல் திருத்திய கம்பெனி கணக்கு விதிப்படி கணக்குப் புத்தக பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். மும்பை, ஹைதராபாத் மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைவென்று சிங்கப்பூரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

செலவு? எங்களுக்குப் பாதியாகவில்லை. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடிய மாதங்களில் கூடத்தான் ஆனது. கிளவுடில் எடுத்த மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்குக்கு வாடகை ஓடும். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபி முகவரிக்கும் (வெளியிலிருந்து நெட்டில் அந்த மெஷினை அடையும் எண்) தனிக் காசு. கொட்டேஷனில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் கிளவுடுக்கு எதிரி இல்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்ததை மறக்காதவன்தான், ஆபீஸ் சர்வரும் அப்படி மூழ்கலாம்.

இத்தனையும் செய்தவனுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஓனர் வீட்டு டிவியில் யூடியூப் வரவில்லை என்று ராத்திரி போன். அக்கவுன்ட்ஸ்காரருக்கு இன்க்ரிமென்ட், சிஸ்டம் பார்க்கிறவனுக்கு "தம்பி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ". டிஷ் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதுகூட என் வேலையாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய சர்வரை உடனே விற்கச் சொல்வார்கள், விடாதீர்கள். கிளவுடில் இருக்கும் பேக்கப்பை வேறொரு மெஷினில் இறக்கி, போன வருஷத்து பேலன்ஸ் ஷீட் அப்படியே வருகிறதா என்று உங்கள் ஆடிட்டரை உட்கார வைத்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாம். டிஸ்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்.