வீரப் பதக்கம் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்றன்

உப்புவெளித் தங்கச்சி: அண்ணே, அம்மப்பா வெள்ளைக்காரன்ட காலத்தில பொலிஸ்ல இருந்தவர், அலுமாரிக்குள்ள அவர்ட மெடல் ஒண்டு கிடக்கு. வீரத்துக்குக் குடுத்ததோ சும்மா சேவைக்குக் குடுத்ததோ?

பதில்: முதல்ல அதைப் பிராசோ போட்டு மினுக்காதைங்கோ, பேர் விளிம்பிலதான் வெட்டியிருக்கும், தேய்ச்சுத் தேய்ச்சு அது அழிஞ்சா பிறகு ஆற்ற மெடல் எண்டே சொல்ல ஏலாது. பின்பக்கம் ஒரு ஆள் வாளும் கேடயமுமா நிண்டா அது 1909ல தொடங்கின கிங்ஸ் பொலிஸ் மெடல், 1933ல வீரத்துக்கு வேற சேவைக்கு வேற எண்டு பிரிச்சவங்கள், நீல ரிபன்ல வெள்ளிக் கோடு ஓடும், அந்தக் கோட்டுக்குள்ள மெல்லிசாச் சிவப்பு இருந்தா வீரம். 1938ல கொலனி நாடுகளுக்கெண்டு வந்த கொலோனியல் பொலிஸ் மெடலுக்குப் பச்சைக் கரை, அதிலயும் அந்தச் சிவப்புதான் அடையாளம். ரிபன் உக்கிப் போச்செண்டா பின்பக்க எழுத்தைப் பாருங்கோ, 'ஃபோர் கேலன்ட்ரி' எண்டிருந்தா வீரத்துக்கு. சேவை மெடலா இருந்தாலும் 'சும்மா' எண்டு சொல்லாதைங்கோ தங்கச்சி, அந்த மனுசன் எத்தினை ராத்திரி முழிச்சிருப்பார்.

சீனக்குடாத் தம்பி: சாதாரண பொலிஸ்காரனுக்குப் பெரிய விருது கிடைக்குமோ?

பதில்: கிடைச்சிருக்கு. 2008 நவம்பர் 26 ராத்திரி தொடங்கின மும்பைத் தாக்குதல்ல துக்காராம் ஓம்ப்ளே, உதவி சப் இன்ஸ்பெக்டர், கையில வெறும் லத்தி, தாக்க வந்தவங்களில ஒருத்தனான கசாப்பின்ட துவக்குக் குழலை ரெண்டு கையாலயும் பிடிச்சு விடவே இல்ல, அவ்வளவு குண்டும் அவர்ட உடம்பில, அதாலதான் அவனை உயிரோட பிடிச்சவங்கள். அடுத்த வருசம் அசோகச் சக்கரம், போரில்லாத காலத்து வீரத்துக்கு இந்தியா குடுக்கிற ஆகப் பெரிய விருது, குடுத்தவங்கள், வீட்டுக்காரர்தான் போய் வாங்கினவை. இதை எழுதேக்க இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது.

மூதூர் நானா: நம்மட இலங்கையில முதல்ல கடமையில செத்த பொலிஸ் ஆரு?

பதில்: சபான் எண்டு ஒரு மலாய்க் கான்ஸ்டபிள் நானா. 1864 மார்ச் 21, மாவனெல்லையில சரதியல் எண்ட கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போன இடத்தில வெடிபட்டவர். மார்ச் 21ஐப் பொலிஸ் வீரர் தினமா வச்சிருக்கிறது அதாலதான்.

நிலாவெளித் தம்பி: நெருப்பணைக்கிற ஆக்கள், ஆம்புலன்ஸ்காரருக்கு ஒண்டும் இல்லையோ?

பதில்: அமெரிக்காவில 2001ல சட்டம் போட்டு ஒரு வீரப் பதக்கம் வச்சிருக்கினம், பொலிஸ், தீயணைப்பு, அவசர சேவை மூண்டுக்கும் ஒரே பதக்கம், காங்கிரஸ் எண்ட அவையளின்ட பாராளுமன்றத்தின்ட பேரில ஜனாதிபதி குடுக்கிறது, வழமையா வருசத்துக்குக் கூடினது 5தான். எனக்கு அந்த முறைதான் சரியெண்டு படுது, உங்கட நிலாவெளிக் கடல்ல ஆள் இழுபட்டா யோசிக்காமல் பாயுறவனும் உயிரைக் குடுக்கத்தானே போறான்.