மெகாஹிட்டும் பால் கணக்கு நோட்டும் – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணே,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, இப்ப கோயம்புத்தூர்ல வேலை. போன மாசம் ஊர்ல வீட்டை ஒழிச்சப்ப பழைய ஃப்ளாப்பி டப்பா ஒண்ணு கிடைச்சுது. ஆசை வந்து பழைய கேமையெல்லாம் தேடி லேப்டாப்ல டாஸ்பாக்ஸ்ல (பழைய கேமை ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, டேஞ்சரஸ் டேவ், டூம் எல்லாம். மகளுக்கு 11 வயசு. அவகிட்ட குடுத்தா ரெண்டாவது நாளே யூடியூப்ல ஒருத்தன் விளையாடுறதைப் பாத்து அதே மாதிரி விளையாடுறா. கோவத்துல லேப்டாப்பைப் பூட்டி வச்சுட்டேன். நமக்கெல்லாம் சேவ் கிடையாது, மேனுவல் கிடையாது, யார் உதவியும் இல்லாம தனியா முட்டி மோதி முடிச்சோம். அந்தப் பொற்காலம் இதுகளுக்குப் புரியுமா? இப்ப வர்ற கேம்ல வெட்டுக்குத்தைத் தவிர என்ன இருக்கு? எந்த அஞ்சு கேமை எந்த வரிசையில அவளுக்குக் காட்டலாம்னு சொல்லுங்க.

கே., தேவகோட்டை

*

அன்புள்ள கே.,

மொதல்ல அந்த லேப்டாப்பை எடுத்து அந்தப் புள்ளை கையில குடுங்க. குடுத்துட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

வெட்டுக்குத்து விஷயத்தை நான் பேசவே போறதில்ல. சுட்டுத் தள்ளுறதே வேலையா இருக்குற டூமை லிஸ்ட்ல வச்சுக்கிட்டு இந்தக் கேள்வி கேக்குற ஆளுக்கு என்னன்னு பதில் சொல்றது. பொற்காலம்ங்கிற வார்த்தையையும் விட்டுருவோம், நமக்குப் பதிமூணு வயசுங்கிறதைத் தவிர அந்தக் காலத்துல தங்கமா எதுவும் இருந்த மாதிரி எனக்கு ஞாபகமில்ல. சேவ் கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது தப்பு. பிரின்ஸ்ல மூணாவது லெவல்ல இருந்து கன்ட்ரோலையும் ஜியையும் சேத்து அமுக்குனா சேவ் ஆகும். உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். எனக்கும் ரொம்ப நாள் தெரியல, காரைக்குடி செக்காலை ரோட்டுல கம்ப்யூட்டர் கிளாஸ் போன பையன் ஒருத்தன்தான் சொல்லிக் குடுத்தான்.

இங்கதான் எனக்கு உங்க மேல கோவம். "யார் உதவியும் இல்லாம தனியா"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரியை நான் நாலு தடவ படிச்சேன். ரெண்டு மாசமா நானும் இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பள்ளத்தூர் வீட்டுல டிரங்குப் பெட்டியை இறக்குனப்ப ஒரு நோட்டு கிடைச்சுது, அதுல இருந்து ஆரம்பிச்சது.

1993ல மலேசியாவுல இருந்து வந்த பெரியப்பா ஒரு பழைய 386 கம்ப்யூட்டரைக் கொண்டாந்து இறக்குனாரு. கலர் கிடையாது, சாம்பல் மானிட்டர். வளவை (வீட்டு நடு முற்றத்தை) ஒட்டி இருந்த ஒரு அறையில வச்சோம், அது அப்பத்தாவோட அறை, காத்து வர்ற எடம் அது ஒண்ணுதான். மேல வெள்ளை வேட்டியைப் போத்தி, ஸ்டெபிலைசர் போட்டு, சாயங்காலம் வோல்டேஜ் எறங்குனா ஸ்கிரீன் ஒரு சுருங்கு சுருங்கும் பாருங்க. அதுல இருந்த ஒரே கேம் பிரின்ஸ், ஒரு மணி நேரத்துக்குள்ள இளவரசன் இளவரசிகிட்ட போய்ச் சேரணும். பட்டாசாலைத் தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லுல சிவப்புக் கல்லை மட்டும் மிதிச்சுத் தாண்டணும், பச்சையை மிதிச்சா கீழ முள்ளு குத்தும்னு நாங்க அஞ்சாறு பேரு குதிச்சுக்கிட்டு இருப்போம், மானிட்டர் முன்னாடி முறை வர்றவரைக்கும்.

இப்ப உதவிக் கணக்குக்கு வர்றேன். மொத லெவல் முடிஞ்சதும் ஒரு அறை வரும் ஞாபகமிருக்கா, எழுத்து எழுதுன குப்பியா வரிசையா இருக்கும், மேனுவல்ல இத்தனாவது பக்கம் இத்தனாவது வரி இத்தனாவது வார்த்தையோட மொத எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடின்னு கேக்கும். காப்பி அடிச்சவனைப் பிடிக்க வச்ச பொறி அது, நம்ம எல்லாருமே காப்பி அடிச்சவன்தான். தப்பாக் குடிச்சா அடி விழும். நாங்க என்ன பண்ணோம்னா குருட்டாம்போக்குல ஒண்ணைக் குடிச்சு, சரியாயிருச்சுன்னா அந்தப் பக்கம் வரி வார்த்தை எழுத்து நாலையும் ஒரு நோட்டுல எழுதி வச்சோம். ஒருத்தன் விளையாட, ஒருத்தன் எழுத, இன்னொருத்தன் நோட்டைப் புரட்டித் தேட. பள்ளிக்கூடத்துல வேற செக்ஷன் பையன் கண்டுபிடிச்சதையும் வாங்கி எழுதுவோம், பதிலுக்கு நம்மகிட்ட இருக்குறதைக் குடுப்போம். கேமைத் திறக்குறப்ப பிரின்ஸ்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு மெகாஹிட்னு அடிச்சா ஏமாத்து வேலையெல்லாம் பண்ணலாம்ங்கிறது எந்த ஊர்ல இருந்து எந்தப் பய வாய் வழியா காரைக்குடி வந்து சேந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. மெகாஹிட் போடாம ஷிஃப்ட்டும் எல்லும் அமுக்கி லெவலைத் தாண்டுனா நாலாவது லெவல் வரைக்கும்தான் விடும், மிச்ச நேரத்தையும் 15 நிமிஷமாக் குறைச்சுரும், அது ஒரு பய அழுதுக்கிட்டே வந்து சொன்னது. இதெல்லாம் என்ன தம்பி? நமக்கு யூடியூப் வேட்டி கட்டிக்கிட்டு சைக்கிள்ல வந்துச்சு, உங்க மகளுக்கு ஃபோன்ல வருது.

பக்கத்துல உக்காந்து பாத்தவங்கள்ல பெரிய ஆளு எங்க அப்பத்தா. அவுக அறைங்கிறதால வேற வழியில்லாம பாத்தாக, அப்புறம் விடவேயில்ல. மொத சந்தேகமே அந்த இளவரசியைப் பத்தித்தான். வில்லன் ஜாஃபர் மணல் கடிகாரத்தைக் கவுத்து வச்சுட்டுப் போறான், ஒரு மணி நேரம் கெடு, அந்தப் பொண்ணு பக்கத்துலயே நிக்குது. "ஏண்டா அய்யா, இவ எந்திரிச்சு அந்த மணலைத் திருப்பிக் கவுத்துவிட்டா என்ன? கை இல்லையா இவளுக்கு?" முப்பது வருஷம் ஆச்சு, இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதிலில்ல.

அப்பத்தா பல்லாங்குழி ஆடுற கை. பதினாலு குழியில எதுல எத்தனை முத்து கிடக்குன்னு குனிஞ்சு பாக்காமலே சொல்லுவாக, நாலு சேந்தா பசுன்னு நம்ம எடுக்குறதுக்கு முன்னாடி கை போயிரும். அந்தக் கண்ணை வச்சுத்தான் ஸ்கிரீனைப் பாத்தாக. கலர் மானிட்டர்ல சிவப்புக் குப்பி உயிர் குடுக்கும், நீலக் குப்பி அடிக்கும். எங்களுக்கு எல்லாமே சாம்பல். எந்த மூலையில கிடந்த குப்பி கெட்டதுன்னு அவுக ஞாபகம் வச்சு "அது வேண்டாம், அந்தத் தூணுக்கிட்ட உள்ளதைக் குடி"ம்பாக.

பன்னெண்டாவது லெவல்ல இளவரசன் மாதிரியே ஒரு நிழல் மனுசன் வருவான்ல, அங்க பதினஞ்சு நாளு மாட்டிக்கிட்டோம். அவனோட கத்திச் சண்டை போட்டா சாவு, போடலைன்னா வழி விடமாட்டான். ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லி, ஆளாளுக்குச் செத்தோம். ஒரு நாள் மத்தியானம் நான் மட்டும் உக்காந்திருக்கேன், அப்பத்தா கட்டில்ல காலை நீட்டி வெத்தலைக்கு நரம்பு கிள்ளிக்கிட்டு இருக்காக. நான் அவனை ஒரு குத்து குத்துனேன். "ஏன் உனக்குக் கொறையுது?"ன்னாக. என்ன கொறையுதுன்னேன். வெத்தலைக் காம்பை ஸ்கிரீன் பக்கம் நீட்டி, கீழ இடது மூலையில இருக்குற முக்கோணத்தைக் (அதான் நம்ம உயிர்க் கணக்கு) காட்டி, "நீ அவனை வெட்டுனே, உன் முத்துல ஒண்ணு போச்சு. அவன் உன்னை வெட்டல." நான் இன்னொரு தடவ குத்துனேன். போச்சு. "வைடா கத்தியை உள்ள"ன்னாக.

டவுன் ஆரோவை அமுக்குனேன். கத்தி உள்ள போச்சு. அவனும் கத்தியை உள்ள வச்சுட்டான். ரெண்டு பேரும் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் ஓடி, மோதி, ஒண்ணாயிட்டாங்க. நான் கத்துன கத்துல ரெண்டாங்கட்டுல இருந்து ஆத்தா கரண்டியோட ஓடி வந்தாக. அதுக்கப்புறம் இடது பக்கமா ஓடுனா தரையே இல்லாத எடத்துல தரை வரும், அது வேற கதை.

மறுநாள் பள்ளிக்கூடத்துல நான் என்ன சொன்னேன் தெரியுமா தம்பி? நானே கண்டுபிடிச்சேன்னு. தனியா. யார் உதவியும் இல்லாம. ஒரு வாரம் என் பின்னாடி பையனுங்க சுத்துனாங்க, ஒருத்தன் பன் பட்டர் ஜாம் வாங்கிக் குடுத்தான். அப்புறம் ஜாஃபரைக் கொன்னு கேமை முடிச்ச அன்னைக்கு அப்பத்தா ஒரு கல்யாண வீட்டுக்குக் கண்டனூர் போயிருந்தாக. அவுக வர்ற வரைக்கும் கூட எனக்குப் பொறுக்கல. ராத்திரி வந்து, "அந்தப் பய அவளைப் போய்ச் சேந்துட்டானா?"ன்னு கேட்டாக. "ம், முடிச்சாச்சு"ன்னுட்டு நான் சாப்பிடப் போயிட்டேன். திரும்பப் போட்டுக் காட்டியிருக்கலாம், ஒரு மணி நேரம்தான். காட்டல.

அதனாலதான் உங்க வரி சுட்டுருச்சு. உங்களைத் திட்டுறதா நெனச்சுக்கிட்டு யாரைத் திட்டுறேன்னு எனக்கே தெரியல.

அந்த கேமைச் செஞ்ச ஜோர்டன் மெக்னரை எடுத்துக்குங்க. புரோகிராம் அவரு எழுதுனதுதான், 1989ல ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்ல வந்துச்சு. ஆனா அந்த ஓட்டமும் தாவலும் யாரோடது? அவரு தம்பி டேவிட்டை வெள்ளைச் சட்டை பேண்ட் போடச் சொல்லி ஓடவிட்டுக் குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு படமா அதைப் பாத்து வரைஞ்சது. கத்திச் சண்டை 1938ல வந்த ராபின் ஹூட் படத்துல இருந்து எடுத்தது. இசை அவரோட அப்பா போட்டது. சண்டையே இல்லாத கேமாத்தான் மொதல்ல பண்ணிக்கிட்டு இருந்தாரு, சண்டை வேணும் சண்டை வேணும்னு கூட இருந்த தோழி ஒருத்தங்க நச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க, மெஷின்லயோ புது எதிரியை வைக்க மெமரி இல்ல, அப்ப இளவரசன் படத்தையே ஒரு பிட் தள்ளி அதோட மேலயே எக்ஸார் பண்ணி (ரெண்டு படத்தையும் புள்ளி புள்ளியா ஒப்பிட்டுக் கலக்குற வித்தை) பாத்தா மினுக்கு மினுக்குன்னு ஒரு உருவம் வந்துச்சு. எங்க அப்பத்தா வெத்தலைக் காம்பை நீட்டுனாகளே, அந்த நிழல் அவன்தான். எட்டாவது லெவல்ல கதவைத் திறக்க எலி வரும்ல, அதையும் இளவரசிதான் அனுப்புறா (மணலைக் கவுத்து வைக்கத் தெரியாட்டியும்). அந்த எலி வரலைன்னா இளவரசன் இன்னும் அங்கதான் நின்னுக்கிட்டு இருப்பான்.

அந்த கேமோட சோர்ஸ் கோடு (அவரு எழுதுன மூல புரோகிராம்) தொலைஞ்சு போச்சுன்னுதான் மெக்னர் பல வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தாரு. 2012ல அவரு அப்பா வீட்டுல சாமானுக்குள்ள ஃப்ளாப்பியாக் கிடைச்சுது, அதுல இருந்து எடுத்து எல்லாரும் பாக்கட்டும்னு இணையத்துல போட்டுட்டாரு. உங்க ஃப்ளாப்பி டப்பாவையும் தூக்கிப் போட்றாதீங்க.

உங்க மகள் யூடியூப்ல எவனையோ பாத்துக் கத்துக்கிறாளே, அவ பக்கத்துல நாற்காலி காலியா இருக்குறதால எவனையோ பாக்குறா. நீங்க உக்காந்தா உங்களைக் கேட்டிருப்பா. நீங்க எதுத்தாப்புல நின்னு பரீட்சை வச்சிருக்கீங்க. போய் உக்காருங்க. கீபோர்டைத் தொடாதீங்க, அவ சாகட்டும், நீங்க முக்கோணத்தை எண்ணுங்க.

கேள்வியை மறந்தே போனேன், வரிசை கேட்டீங்கல்ல. டேவ்ல ஆரம்பிங்க, பத்தே லெவல், கோப்பையை எடுத்தா கதவு திறக்கும், அவ்வளவுதான் விஷயம். அதைச் செஞ்ச ஜான் ரொமேரோதான் அப்புறம் டூம் செஞ்ச கூட்டத்துல ஒருத்தர், அதைச் சொன்னா அவ நம்ப மாட்டா. அடுத்து பிரின்ஸ். மிச்ச மூணை அவளே தேடிக்கட்டும்.

அந்த நோட்டு அப்பத்தாவோட பால் கணக்கு நோட்டு. முன்பக்கத்துல இருந்து காலையில அரைப்படி, சாயங்காலம் கால்படின்னு தேதி வாரியா அவுக கையெழுத்து. பின்பக்கத்துல இருந்து எங்க குப்பிக் கணக்கு. பக்கம், வரி, வார்த்தை, எழுத்து. நடுவுல ரெண்டும் முட்டுற எடத்துல, எங்க கட்டத்துக்குள்ள, பென்சில்ல தமிழ்ல "தூணுக்கிட்ட உள்ளது நல்லது"ன்னு எழுதியிருக்கு. எங்க யாரு கையெழுத்தும் அது இல்ல. எந்த லெவல்னு போடல, நானும் ரெண்டு மாசமா டாஸ்பாக்ஸ்ல ஒவ்வொரு தூணா தேடிக்கிட்டு இருக்கேன்.